எழுதாமல் விட்ட பல்

நான் சோம்பேறி. கைவேலையில் அல்ல, பேனா வேலையில். சொத்தையைச் சுத்தமாக எடுப்பேன், குழியைப் பக்குவமாக அடைப்பேன். ஆனால் எந்தப் பல், பல்லின் எந்தப் பக்கம், என்ன பொருள் என்று கேஸ் ஷீட்டில் எழுதமாட்டேன். ‘ஃபில்லிங்’ என்று ஒரு சொல், எதிரே வாங்கிய தொகை. வருமான வரிக்கு அது போதும்.

லாரியோடு எரிந்துபோன ஓட்டுநர் ஒருவரின் உடலை அடையாளம் காட்ட அது போதவில்லை. எஸ்.ஐ.யோடு வந்த தம்பி, “அண்ணன் உங்ககிட்டதான் சார் கடைவாய்ப் பல்லை அடைச்சாரு” என்றார். நோட்டைப் புரட்டினேன். பெயர் இருந்தது, தேதி இருந்தது, பல் இல்லை. எக்ஸ்ரேயைப் பல் அடைத்த அன்றே ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பியிருந்தேன்; அதுவும் லாரியில்தான் இருந்ததோ என்னவோ.

தெரியாமல் செய்த தப்பு என்றால்கூட ஆறுதல் உண்டு. பல்லை வைத்து உடலை அடையாளம் காண்பதை நான் படித்துத் தேறியவன். தீயில் முன்பற்கள்தான் முதலில் கருகும். கன்னமும் நாக்கும் மறைப்பதால் கடைவாய்ப் பற்கள் கூடுதலாகத் தாங்கும். வெள்ளி அடைப்பிலுள்ள பாதரசம் சூட்டில் துளித்துளியாக வெளியேறி ஆவியாகும். அதன் கொதிநிலை 357 டிகிரி செல்சியஸ்தான். ஆனால் வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும், தங்கம் உருக 1064. ஆகவே அடைப்பு உருக்குலைந்தாலும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட்தான் சிக்கல். அதன் பிசின் எரிந்து, கண்ணாடித் துகள் மட்டும் சுண்ணாம்பாக மிஞ்சும். பல்லும் வெந்து வெளுத்திருக்கும்போது கண்ணால் பிரித்தறிவது பெரும்பாடு. எங்கே தேடுவது என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். வெந்த பல் தொட்டாலே உதிரும் என்பதால், பசை தெளித்து இறுக்கிய பிறகே தாடையை நகர்த்துவார்கள். அவ்வளவு பதமாக எடுத்து வந்ததோடு ஒப்பிட என்னிடம் ஒரு தொகைதான் இருந்தது.

1897 மே 4 அன்று பாரிஸில் ஒரு தர்மச் சந்தை தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் தங்கையை அவருடைய பல் மருத்துவர்தான் அடையாளம் காட்டினார். அந்த விபத்தை ஒட்டி, கியூபாவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஆஸ்கர் அமோடோ 1898இல் எழுதிய நூல் இத்துறைக்கே அடித்தளம். அவர் பெயரைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்!

அந்தத் தம்பியிடம், “பழைய நோட்டுப்பா, கிடைக்கல” என்றேன். அது பொய். எழுதவே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மரபணுச் சோதனை முடிவு வரும்வரை உடல் சவக்கிடங்கில் கிடந்தது. அவர்தான் என்று பிறகு உறுதியானது.

இப்போது எழுதுகிறேன். பயத்தில்தான். நீங்கள் பல் அடைத்துக்கொண்டால் எந்தப் பல், எந்தப் பக்கம், என்ன பொருள் என்று எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரேயைப் போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். அதெல்லாம் எதற்கு என்று கேட்கும் டாக்டர் என் ஜாதி. எழுதித் தரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.