சாம்பலில் யாருக்குப் பங்கு?

நாலு குடித்தனம் சேர்ந்து ஒரு போர் போட்டு, ஒரு மோட்டார் வைத்தால் என்ன நடக்கும் என்பது ராயபுரத்து ஸ்டோர் வீடுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் எல்லோருக்கும் வரும். கரண்ட் பில்லைப் பங்கு போடும்போது மட்டும், ‘பத்து நாளா நான் ஊர்லயே இல்லையே, எதுக்குக் கொடுக்கணும்?’ என்று மாடி வீட்டு மாமி கேட்பார்.

இந்தச் சண்டையையே கோடிக்கணக்கில் போட்டால் அதற்கு மின் கொள்முதல் ஒப்பந்தம் என்று பெயர்.

அமெரிக்காவில் பல சின்ன ஊர்களில் நகராட்சியே வீடு வீடாகக் கரண்ட் விற்கிறது. தனியாக மின் நிலையம் கட்ட அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் சீட்டுக் கட்டுவதுபோல ஊர்கள் கூட்டாகச் சேர்ந்து, கடன் வாங்கி, பெரிய நிலையங்களில் பங்கு எடுத்துக்கொள்கின்றன. ஜார்ஜியா மாநிலத்தில் 1975-ல் ஆரம்பித்த ஒரு கூட்டில் 49 உறுப்பினர்கள். அணு மின் நிலையத்தில்கூட அவர்களுக்குப் பங்கு உண்டு!

நம் பக்கத்தில் திருச்சூர் மாநகராட்சி இன்றும் கரண்ட்டை மொத்தமாக வாங்கித் தன் ஊருக்குத் தானே விநியோகிக்கிறது. தமிழ்நாட்டில் 1957-ல் மின்சார வாரியம் வந்தது. ஊர்கள் பார்த்துக்கொண்டிருந்த வேலை படிப்படியாக மாநிலத்தின் கைக்குப் போனது. அதனால் இங்கே ஊர்களுக்குப் பதில் மாநிலங்கள் கூட்டு சேர்கின்றன.

அப்படி ஒரு கூட்டு, எண்ணூரைத் தாண்டினால் கண்ணுக்கே தெரியும். வல்லூர் அனல் மின் நிலையம். மத்திய அரசின் என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்சார வாரியமும் பாதிப் பாதி போட்டு 2003-ல் ஆரம்பித்த கம்பெனி. 500 மெகாவாட் வீதம் மூன்று யூனிட்கள், 2012-லிருந்து 2015-க்குள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. பெரும்பங்கு நமக்கு. மீதி ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா, கேரளா, புதுச்சேரிக்கு.

பங்கு பிரிப்பதில் இவர்கள் படு கில்லாடிகள். ஒரு நாளைப் பதினைந்து நிமிடம் வீதம் 96 துண்டாக வெட்டுகிறார்கள். ‘நாளைக்கு இவ்வளவு தர முடியும்’ என்று நிலையம் சொல்ல, ‘இந்த நேரத்துக்கு இவ்வளவு வேண்டும்’ என்று மாநிலங்கள் சொல்ல, பெங்களூரில் இருக்கும் தென் மண்டல மின் சுமை மையம் அட்டவணை போடுகிறது. மாடி வீட்டு மாமியின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. நிலையம் தயாராக இருந்தால் போதும், கரண்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உங்கள் பங்குக்கான நிலைக் கட்டணத்தைக் கட்டியே ஆகவேண்டும். நிலக்கரிச் செலவு, எடுத்த யூனிட்டுக்கு மட்டும்.

அந்த நிலக்கரி ஒடிசாவிலிருந்து ரயிலில் பாரதீப்புக்கும், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் வருகிறது. நம் நாட்டுக் கரி 100 கிலோ எரித்தால் முப்பது கிலோவுக்கு மேல் சாம்பல். கரண்ட் கம்பியில் ஏறி ஆறு திசைக்கும் போய்விடும். சாம்பல்?

எண்ணூர் முகத்துவாரத்தில் படகை ஓரங்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“பெங்களூருக்குப் போவுது, கேரளாவுக்குப் போவுதுன்றாங்க. போவட்டும் சார், நல்லா இருக்கட்டும். இங்க ஆத்துல எறங்குனா முட்டி வரைக்கும் சாம்பச் சேறு. எறா எங்கருந்து கெடைக்கும்? கரண்ட்டுல பங்கு கேக்கறவங்க சாம்பல்ல பங்கு கேட்டு வரலியே!”

இந்தப் பக்கத்தில் கரி எரிக்கும் நிலையம் வல்லூர் மட்டுமில்லை. பக்கத்திலேயே வட சென்னை அனல் மின் நிலையம். 2017-ல் மூடும்வரை எண்ணூர் அனல் மின் நிலையமும் இருந்தது. வட சென்னை நிலையத்தின் சாம்பல் குழாய்க் கசிவு கொசஸ்தலை ஆற்றைக் கெடுத்த கதை பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2022-ல் தீர்ப்பும் வந்தது.

சாம்பலுக்குச் சட்டத்தில் விலை இல்லாமலில்லை. 2021 டிசம்பர் அறிவிக்கையின்படி, சிமென்ட்டுக்கோ செங்கல்லுக்கோ உபயோகப்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் கட்ட வேண்டும். ஆனால், அந்தப் பணம் போய்ச் சேருவது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கில். படகுக்காரர் அதற்கு டெல்லிக்கா போவார்?

ஒரு சின்ன மனக்கணக்கு போட்டுப் பாருங்கள். வல்லூர் முழு மூச்சாக ஒரு நாள் ஓடினால் 3.6 கோடி யூனிட். கூட்டாளிகள் எல்லோரும் யூனிட்டுக்கு ஒரு பைசா எடுத்துவைத்தால் தினம் 3.6 லட்சம் ரூபாய். கோவையிலோ கொச்சியிலோ இருப்பவருக்கு அது பில்லில் கண்ணில்கூடப் படாது. ஆற்றைத் தூர்வார, குழாயைக் காவல் காக்க, தொழில் போன குடும்பங்களுக்குக் கொடுக்க, இங்கே அது நிஜமான பணம்.

அதைச் செலவு பண்ண ஒரு கமிட்டி போடுவார்கள். நம் வழக்கம் அது. போடட்டும். பதினைந்து நிமிடத் துண்டுக்கெல்லாம் அட்டவணை போடத் தெரிந்தவர்கள், அந்தக் கமிட்டியில் படகுக்காரருக்கும் ஒரு நாற்காலி போட்டால் சரி.