இரண்டு வளையங்களை வாசிக்கும் வேலை

மூளைக்காய்ச்சல் நோயாளியின் தண்டுவட நீர் ஆய்வகத்துக்கு வந்ததும், எந்தக் கிருமி என்பதுதான் முதல் கேள்வி. மெனிங்கோகாக்கஸ் என்று உறுதியான பிறகு என் வேலை தொடங்கும். அதன் மேற்பரப்பில் உள்ள புரதங்கள் எந்த வகை என்பதை மரபணுவை வாசித்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கிருமியின் ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கு அவற்றின் சர்க்கரை உறையிலிருந்தே தடுப்பூசி செய்துவிட்டார்கள். பி வகையின் உறையோ நம் நரம்புச் செல்களில் உள்ள சர்க்கரைச் சங்கிலியைப் போலவே இருக்கிறது. உடல் அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. எனவே புரதங்களைத்தான் நம்ப வேண்டும். அவையோ மாறிக்கொண்டே இருப்பவை. நம் தொண்டையில் தங்கியிருக்கும்போதே இந்தக் கிருமி பக்கத்துக் கிருமியின் டிஎன்ஏ துண்டை எடுத்துத் தன் மரபணுவில் சேர்த்துக்கொள்ளும்.

போர்ஏ என்ற புரதத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வளையங்கள்தான் மிக அதிகமாக மாறுகின்றன. நம் எதிர்ப்பொருள்கள் குறிவைப்பதும் அவற்றையே. திரையில் டிஎன்ஏ வரிசை நான்கு நிற மேடுகளாக ஓடும்போது, அந்த இரண்டு பகுதிகளில் நான் அவசரப்படுவதில்லை. மேடு மங்கலாக இருந்தால் எதிர்த்திசை வரிசையோடு ஒப்பிடுவேன். அப்போதும் தெளியாவிட்டால் சோதனையைத் திரும்பச் செய்வேன். ஓரெழுத்து மாறினாலும் ஓர் அமினோ அமிலம் மாறக்கூடும். எதிர்ப்பொருளின் பிடி நழுவக்கூடும்.

போர்ஏ மரபணுவுக்குச் சற்று முன்னால் ஜி என்ற எழுத்து மட்டும் தொடர்ந்து வரும் இடத்தையும் எண்ணிப் பார்ப்பேன். அங்கே ஒன்றிரண்டு கூடினாலோ குறைந்தாலோ புரதத்தின் உற்பத்தி ஏறும், இறங்கும். எந்தப் புரதம் என்பதோடு அது எவ்வளவு உண்டாகிறது என்பதும் முக்கியம்.

நியூசிலாந்தில் 1991இல் தொடங்கிய பி வகைக் கொள்ளைநோயில் பெரும்பாலும் ஒரே போர்ஏ வகைதான் பரவியது. அதனால் அந்தக் கிருமியின் வெளிச்சவ்விலிருந்தே தடுப்பூசி தயாரித்து 2004இல் போடத் தொடங்கினார்கள். பல வகைகள் கலந்து நடமாடும் நாடுகளுக்கு அது போதாது. 2000இல் வெளியான பி வகைக் கிருமியின் முழு மரபணு வரிசையைத் துழாவிக் கண்டெடுத்த வேறு புரதங்களையும் நியூசிலாந்துச் சவ்வோடு சேர்த்து ஒரு தடுப்பூசி உருவானது. 2015 செப்டம்பரில் பிரிட்டன் அதைக் கைக்குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்தது. இந்தத் தடுப்பூசி இன்று பரவும் வகைகளுக்கு இன்னும் பொருந்துகிறதா என்பதை ஒவ்வொரு நோயாளியின் மாதிரியிலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆன்டிபயாடிக் கொடுப்பதை எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் மருந்துக்குப் பிறகு எடுத்தது, கிருமி வளரவில்லை என்று மாதிரியை எறிந்துவிடாதீர்கள். செத்த கிருமியின் டிஎன்ஏவையும் பிசிஆரில் பெருக்கி வாசிக்க முடியும். அதை எங்களுக்கு அனுப்பிவையுங்கள்.