கண்ணாடிக்குத் தெரியாத கை

டச் போன் எல்லார் கைக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும்னு பட்டணத்தில் இருக்கிற நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கலாம். செய்யாது. எங்க அப்பாவுக்கு எழுபத்து மூணு வயசு. மண்வெட்டிப் பிடியும் கதிரறுவாளும் அறுபது வருஷம் புழங்கின கை. உள்ளங்கை மட்டுமில்லாம விரல் நுனியும் காப்புக் காய்ச்சு செருப்புத் தோல் மாதிரி இருக்கும். போன் அடிச்சா அந்தப் பச்சை வட்டத்தை மேலே தள்ளணும். தள்ளுவார். நகராது. திரும்பத் தள்ளுவார். அதுக்குள்ள மணி நின்னுரும். சென்னையில் இருக்கிற என் தங்கச்சிக்கு, "அப்பா போன எடுக்கவே மாட்டேங்கிறாக" என்று வருத்தம். ஒரு தடவை அவசரத்துக்குக் குனிஞ்சு மூக்கால தள்ளி எடுத்துட்டார். வீடே சிரிச்சது. மூக்குத் தோல் மெல்லிசு, அதனால போனுக்கு அது தெரிஞ்சிருச்சு.

இந்தக் கதைக்குள்ள ஒரு வீடியோ கேம் சாமான் எப்படி வந்து சேர்ந்ததுன்னு சொல்றேன்.

அண்ணன் மகன் பிளஸ் டூ படிக்கிறான். என்னைச் சித்தப்பா என்பான், எங்க அப்பாவை அய்யா என்பான். ஊர்ப் பையன்கள் மாதிரியே அவனும் போனில் துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறவன். முதலில் பப்ஜி இருந்தது. 2020 செப்டம்பரில் அதுக்குத் தடை போட்டாங்க. அடுத்த வருஷம் ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பேரில் வந்தது. 2022 ஜூலையில் அதையும் தூக்கினாங்க. 2023 மே மாசம் மறுபடி விட்டாங்க, பதினெட்டு வயசுக்குக் கீழே இருந்தா ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் என்ற கட்டோட. ஃப்ரீ ஃபயருக்கு 2022 பிப்ரவரியில் தடை, அதோட மேக்ஸ் மட்டும் தப்பிச்சது. எங்க வாய்க்காலில் தண்ணி திறக்கிறதும் அடைக்கிறதும் மாதிரிதான் இதுவும். பையன்கள் எப்பத் திறப்பாங்கன்னு காத்துக்கிட்டே இருப்பாங்க.

போன வருஷம் மதுரைக்கு உரம் வாங்கப் போனப்ப என்னோட வந்தவன், பெரியார் பஸ் ஸ்டாண்டில் இருந்து நேரா மீனாட்சி பஜாருக்குள்ள இழுத்துட்டுப் போனான். போன் கவர், சார்ஜர், இயர்போன் எல்லாம் மலிஞ்சு கிடக்கிற இடம். அங்கே நூத்தி ஐம்பது ரூபாய்க்கு ரெண்டு கிளிப் வாங்கினான். துணி காயப்போடுற கிளிப் அளவுதான் இருக்கும். போனைப் படுக்கை வசத்தில் பிடிச்சுக்கிட்டு, மேல் ஓரத்தில் இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு மாட்டணும். வெளியே துப்பாக்கி விசை மாதிரி ஒரு சின்ன இரும்பு நாக்கு நீட்டிக்கிட்டு இருக்கும். அதை ஆள்காட்டி விரலால் இழுத்தா, உள்பக்கம் இருக்கிற கறுப்பு ரப்பர் திரையைத் தொடும். திரையில் சுடுற பொத்தானை நகர்த்தி அந்த ரப்பருக்கு நேரே வச்சுக்கிட்டா, இழுக்க இழுக்கச் சுடும்.

பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. அப்புறம் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கு ஒரே குடைச்சல். தென்னங்குச்சியால் அந்த நாக்கைத் தள்ளிப் பார்த்தேன். ரப்பர் போய் ஒட்டுது, ஆனா சுடலை. விரலால் தள்ளினா சுடுது. அப்புறம்தான் விளங்கிச்சு. இந்தத் திரைக்கு அழுத்தம் கணக்கே இல்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கம்பி வலை மாதிரி ஒண்ணு ஓடுது, அதில் கொஞ்சமா மின்சாரம் நிக்குது. நம்ம உடம்பு உப்புத் தண்ணிப் பை. விரல் பக்கத்தில் போனதும் அந்த மின்சாரம் லேசா இடம் மாறும், எந்த இடத்தில் மாறிச்சுன்னு போன் கணக்குப் போடும். கிளிப்பில் இருக்கிற இரும்பும் ரப்பரும் மின்சாரத்தைக் கடத்துறதால, என் விரல் இங்கே இருந்தாலும் கண்ணாடிக்கு அங்கே தொட்ட மாதிரி தெரியுது. தென்னங்குச்சி கடத்தாது. அப்பாவோட காப்புக் காய்ச்ச தோலும் அப்படித்தான். காய்ஞ்ச தடிமனான தோல் நடுவில் நிக்கிறதால உள்ளே இருக்கிற ஈரச் சதை கண்ணாடிக்கு எட்டலை. ஆரம்பத்தில் வந்த டச் போன்கள் வேற மாதிரி. அதில் அழுத்தினா போதும், குச்சி, நகம் எதுக்கும் மசியும். 2007-ல் ஐபோன் வந்து இந்தத் தொடாமத் தொடுற கண்ணாடியைப் பரப்பி விட்ட பிறகு, அழுத்தத் தெரிஞ்ச கைக்கு மதிப்பு போச்சு.

இந்தக் கிளிப் எதுக்குன்னு கேட்டேன். "கட்டைவிரல் ரெண்டும் நடக்கவும் திரும்பவும் சரியாப் போயிரும் சித்தப்பா. சுடணும்னா ஒரு விரலை எடுக்கணும், எடுத்தா நின்னுருவோம், நின்னா செத்தோம். இது இருந்தா நாலு விரல்" என்றான். எனக்கு நாத்து நடவு ஞாபகம் வந்தது. இடது கையில் நாத்துக் கட்டு, அந்தக் கைக் கட்டைவிரலே ரெண்டு மூணு நாத்தைப் பிரிச்சு முன்னால் தள்ளும், வலது கை வாங்கிச் சேத்துக்குள்ள ஊனும். நடுறவங்க கையைப் பார்க்கவே மாட்டாங்க. பக்கத்துப் பொம்பளைகிட்டப் பேசிக்கிட்டே போவாங்க. விரலுக்குக் கண் இருக்கு. ஆனா அந்தக் கண் தெரியணும்னா தொடுற பொருளில் ஒரு விளிம்பு, ஒரு மேடு பள்ளம் இருக்கணும். கண்ணாடியில் எங்கே தடவினாலும் ஒரே வழுவழுப்பு. பொத்தான் எங்கே இருக்குன்னு கண்தான் சொல்லணும். நெல் பால் பிடிச்சிருக்கான்னு நசுக்கிப் பார்த்துச் சொல்ற விரலுக்கு இதில் வேலையே இல்லை. கிளிப் மாட்டினதும் அந்த வேலை கொஞ்சம் திரும்பி வருது.

எங்க ஊர் வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் நடுவில், பெரியாறு வாய்க்கால் பாசனம். பேரணையில் இருந்து கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகம்னு கணக்கு. அணையில் தண்ணி குறைஞ்சா முறை வச்சுத்தான் திறப்பாங்க. நம்ம முறை ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் மடையில் ஆள் நிக்கணும், இல்லைன்னா மேமடைக்காரர் அடைச்சுட்டுப் போயிருவார். அப்பா காலத்தில் பீடியும் அரிக்கேன் லைட்டும். எனக்கு ரேடியோ. இப்போ அண்ணன் மகன் போனில் கிளிப் மாட்டிக்கிட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கான். பனியில் விரல் ஈரமானா கண்ணாடி தடுமாறும், தொடாத இடமெல்லாம் தொட்ட மாதிரி துள்ளும். மேலே இருக்கிற இரும்பு விசை மட்டும் சொன்னதைக் கேக்கும் என்பான். தண்ணி வந்த சத்தம் கேட்டா ஆட்டத்தைப் பாதியில் விட்டுட்டு எழுந்துருவான். அதை நான் பல தடவை பார்த்திருக்கேன். அண்ணன் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு இந்தச் சாமானைக் கண்டாலே ஆகாது. "வாய்க்கால்ல தூக்கி எறியப் போறேன் பாரு" என்று ரெண்டு தடவை கையை ஓங்கிட்டார். அவர் பயத்தில் அர்த்தம் இல்லாம இல்லை. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுட்டு உயிரையும் விட்டவங்க சேதியைப் பேப்பரில் எத்தனை படிச்சோம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் போட்டது. அதுவும் இதுவும் வேற, இதில் பணயம் கிடையாதுன்னு நான் எடுத்துச் சொன்னேன். "தூக்கத்தப் பணயமா வைக்கிறான்ல" என்றார் அண்ணன். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. பரீட்சை முடியிற வரைக்கும் முறைத் தண்ணி இருக்கிற ராத்திரி மட்டும்னு கடைசியில் பேசி முடிச்சோம்.

அப்புறம் பொங்கலுக்குத் தங்கச்சி மாப்பிள்ளை ஒரு பெரிய கண்ட்ரோலரைக் கொண்டாந்து கொடுத்தார். அது நிஜமான வீடியோ கேம் கைப்பிடி, ரெண்டாப் பிளந்த மாதிரி. நடுவில் ஸ்பிரிங் மாதிரி இழுபடும். இழுத்து, நடுவில் போனைச் செருகினா, சார்ஜர் ஓட்டையில் அதோட முனை போய் உட்கார்ந்துக்கும். ரப்பர் கவரைக் கழட்டினால்தான் உட்காரும். இடது பக்கம் ஒரு குச்சி, கூட்டல் குறி மாதிரி ஒரு பொத்தான். வலது பக்கம் ஒரு குச்சி, நாலு பொத்தான். தோள்பட்டையில் விசைகள். இதுக்கும் கண்ணாடிக்கும் சம்பந்தமே இல்லை. கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு மாதிரி, பொத்தானை அமுக்கினா சேதி ஓட்டை வழியா உள்ளே போகுது. மருமகன் சந்தோஷமா மாட்டினான், மூஞ்சி சுருங்கிப்போச்சு. பிஜிஎம்ஐயில் இதுக்கு இடம் கிடையாது. கால் ஆஃப் டியூட்டி மொபைலில் உண்டு, ஆனா அங்கே கண்ட்ரோலர்காரங்களைக் கண்ட்ரோலர்காரங்களோடவே மோத விடுவாங்க. கண்ணாடிக்காரனுக்கு அநியாயம் ஆயிரக் கூடாதுல்ல. இதை வாங்க நினைக்கிறவங்க உங்க ஆட்டம் ஒத்துக்குமான்னு பார்த்துட்டு வாங்குங்க.

அவன் ஓரமா வச்ச சாமானைத்தான் அப்பா கையில் எடுத்தார். அவருக்குப் பட்டன் போன் பழக்கம். இருட்டில் பார்க்காமலே நம்பர் போடுவார். கூட்டல் பொத்தானைக் கீழே அமுக்கினார். திரையில் ஒரு கட்டம் எழும்பி, ஒரு படத்தில் இருந்து அடுத்த படத்துக்கு நகர்ந்தது. இன்னொரு அமுக்கு, இன்னொரு நகர்வு. ஆண்ட்ராய்டு போனில் அது தானாகவே நடக்கும், நாங்க எதுவும் செய்யலை. "அட, கேக்குதுடா!" என்றார். யூடியூபுக்குள்ள போனார். ஜல்லிக்கட்டுக் காளை ஒண்ணைப் பிடிச்சு ஓட விட்டார். வாட்ஸ்அப்பில் சில இடம் நகர்ந்தது, சில இடம் முழிச்சது. அப்புறம் பேரன் ஒரு டிராக்டர் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தான். கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துட்டு, "என்னடா உழவு இது, மண்ணே பொரளல" என்று திருப்பிக் கொடுத்துட்டார்.

போன் எடுக்கிறதுக்கு மட்டும் அதை மாட்டிக்கிட்டே திரிய முடியாது. ஆனா அன்னைக்குத்தான் பையன் செட்டிங்குக்குள்ள போய் நோண்டினான். சில போன்களில் சத்தம் கூட்டுற பொத்தானை அமுக்கினாலே அழைப்பை எடுக்கிற வசதி ஒளிஞ்சு கிடக்குது. தொடு உணர்வைக் கூட்டி வைக்கிற வசதியும் சிலதில் உண்டு. ரெண்டையும் போட்டு விட்டான். உங்க வீட்டிலும் ஊரில் இப்படி ஒரு கை இருந்தா, அடுத்த தடவை வரும்போது செஞ்சு கொடுத்துட்டுப் போங்க. அஞ்சு நிமிஷ வேலை. தங்கச்சி இப்போ ஒரு மணியிலேயே அப்பாவைப் பிடிச்சுடுறா.

எல்லாத்துக்கும் இப்படிப் பொத்தான் கிடைக்கிறதில்லை. ரேகை வைக்கிற மிஷினில் அப்பாவுக்கு விரல் விழவே விழாது. பத்து விரலையும் துடைச்சுத் துடைச்சு வைப்பார். வேலை செஞ்சு தேஞ்ச ரேகை, எங்கே இருந்து விழும்? 2023 ஜூனில் பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே சரிபார்ப்பை முடிக்கிற வசதி வந்ததும்தான் அந்த ஒண்ணில் நிம்மதி. கையை விட்டுட்டு முகத்தைக் கேக்கிறாங்க. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் மனக்குறைதான். "இந்தக் கையிதானப்பா நெலம்" என்றார்.

இப்போ புதுசா ஒரு பேச்சு வீட்டில் ஓடுது. போன போகத்தில் பக்கத்து வயலுக்கு ட்ரோனில் மருந்தடிச்சாங்க. பத்து லிட்டர் டாங்கி, ஒரு ஏக்கரைப் பத்து நிமிஷத்தில் முடிச்சுட்டுப் போயிட்டான் ஒரு பையன். ஊரே அண்ணாந்து பார்க்க, எங்க பையன் மட்டும் ஓட்டுறவன் முதுகுக்குப் பின்னால் நின்னு அவன் கட்டைவிரலையே பார்த்துக்கிட்டு இருந்தான். அந்தக் கைப்பெட்டியிலும் ரெண்டு குச்சிதான். இடது குச்சி ஏத்தி இறக்கித் திருப்பும், வலது குச்சி முன்னே பின்னே பக்கவாட்டில் நகர்த்தும். வீட்டுக்கு வந்து, போனில் ட்ரோன் ஓட்டிப் பழகுற ஆட்டம் ஒண்ணை இறக்கி, பொங்கலுக்கு வந்த கண்ட்ரோலரை மாட்டி, தெனமும் அரைமணி நேரம் பறக்க விடுறான். முதல் வாரம் முழுக்கத் தென்னை மரத்தில்தான் மோதினான்.

2021-ல் வந்த ட்ரோன் விதிப்படி ஓட்டுற சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் பதினெட்டு வயசும் போதும். பயிற்சிக்குப் பணம் கட்டணும், அது கொஞ்சமில்லை. அது வந்துட்டா முதுகில் டாங்கியைக் கட்டிக்கிட்டு மருந்தடிக்க வர்ற நாலஞ்சு பேருக்கு எங்க வயலில் வேலை இருக்காது. அதில் ரெண்டு பேர் எங்க சொந்தக்காரங்க. அதைச் சொன்னதும் பையன் பேசலை. இருந்தாலும் மருந்து நெடியில் மயங்கி வரப்பில் விழுந்தவரும் அந்த ரெண்டு பேரில் ஒருத்தர்தான்னு அப்பத்தா நினைவுபடுத்தினாக.

வர்ற தை மாசம் அவனுக்குப் பதினெட்டு முடியுது. அண்ணன் இன்னும் சரின்னு சொல்லலை. ஆனா கண்ட்ரோலரை வாய்க்காலில் எறியிற பேச்சு நின்னு ரெண்டு மாசம் ஆச்சு.