நவராத்திரிக்கு மட்டுமா வீணை?

லோறென்ஸ்கூக்கில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் வீணை உறைக்குள் உறங்குகிறது. பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். நவராத்திரிக்கு மட்டும் பொட்டு வைக்கிறோம். ஒரு வீட்டில் விடுமுறைக்கு வந்த மகள் ஆசையோடு மீட்ட, சாரணித் தந்தி அறுந்தது. மாற்றத் தெரிந்தவர் இல்லை. வீணை மீண்டும் உறைக்குள் போயிற்று.

நோயாளியைப் பார்ப்பதுபோல் போய்ப் பார்த்தேன். மெழுகும் வெடித்திருந்தது. குற்றவாளி குளிரல்ல, ஹீற்றர். பனிக்காலத்தில் சூடாக்கிய அறையின் ஈரப்பதன் 20 வீதத்துக்கும் இறங்கிவிடும். பலாமரம் சுருங்கும், 24 மெட்டுகளையும் தாங்கும் மெழுகு பிளக்கும். தஞ்சாவூரில் குடைந்த மரம் இந்த வறட்சியை எங்கே கண்டது! ஹீற்றருக்கு எட்டவாக வையுங்கள்.

தந்திகள் ஏழில் வாசிப்புக்கு நான்கு, தாளத்துக்கு மூன்று. கமகத்துக்கு அதிகம் இழுபடுவது சாரணிதான். ஊருக்குப் போகிறவர்கள் அதை இரட்டிப்பாக வாங்கி வாருங்கள்.

சுரக் கொப்பிகளையும் பூட்டி வைக்க வேண்டாம். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைச் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் சுரப்படுத்தி அச்சேற்றினாரே, அந்தப் பெருமனம் நமக்கும் வேண்டும். என் மனைவியின் கொப்பிகளைப் பிரதியெடுத்துத் தருவேன்.

ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் வீட்டில் தந்தி கட்டலாம். பழைய தந்தியைக் கழற்றி எறியாமல் கொண்டு வாருங்கள். அதன் தடிப்பைப் பார்த்துத்தான் புதியது போட வேண்டும்.