அலுவலகக் கணினி வீட்டுக்கு வந்த கதை

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தபோது, எங்கள் ஆசிரியபீடத்தில் எழுந்த முதற்கேள்வி செய்தியைப் பற்றியதல்ல. செய்தி எப்படியும் தொலைபேசியில் வந்து சேரும். பக்கத்தை எங்கிருந்து வடிவமைப்பது என்பதே சிக்கல். யூனிகோட் வந்து எத்தனையோ காலமாகியும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களையும், அவற்றோடு ஒட்டிய பழைய மென்பொருட்களையும் நாம் கைவிடவில்லை. அவையோ அலுவலகக் கணினிகளில் மட்டுமே இருந்தன.

ஆகவே ரிமோட் டெஸ்க்டொப் வசதியை நாடினோம். கோப்பு அலுவலகத்திலேயே இருக்கும். திரையின் காட்சி மாத்திரம் வீட்டுக்கு வரும். நமது விசைத் தட்டல்களும் சுட்டியின் அசைவுகளும் அங்கே போகும். வீட்டில் எந்த விண்டோஸ் இருந்தாலும் பாதகமில்லை. அலுவலகத்தில் இருப்பது 'ஹோம்' பதிப்பாயின் உதவாது, 'புரோ' வேண்டும்.

இதை அமைக்க இலகுவான வழியொன்று உண்டு. ரவுட்டரில் 3389 என்ற வாயிலை இணையத்துக்குத் திறந்துவிடுவது. கணினிப் பிரிவில் இருந்த இளைஞர் அதைத்தான் சொன்னார்.

"பத்து நிமிச வேலை, அண்ணை."

"பத்து நிமிசத்தில வாறவன் எங்கட ஆள்தான் எண்டு எப்பிடித் தம்பி தெரியும்?" என்றேன்.

அந்த இலக்கத்தைத் தேடி, கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் உலகெங்கும் ஓய்வின்றி இயங்குகின்றன. 2019 மே மாதம் வெளிப்பட்ட 'புளூகீப்' என்னும் ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. அதன் பாரதூரம் கருதி, 2014இல் ஆதரவை நிறுத்திவிட்ட எக்ஸ்பீ பதிப்புக்குக்கூட மைக்ரோசொப்ட் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. பக்க வடிவமைப்புப் பகுதியில் நாம் கட்டிக் காத்துவந்த கிழட்டுக் கணினிகளை எண்ணிப் பாருங்கள்!

எனது கவலை கணினியைப் பற்றியதன்று. வெளிவராத அறிக்கைகளும், பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களின் தொலைபேசி இலக்கங்களும் அவற்றினுள் கிடந்தன. நம்பிப் பேசிய ஒருவரின் பெயர் வெளியே போனால் என்ன நேரும் என்பதை இந்நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செய்தியாளர்கள் அதற்கான விலையை உயிராலேயே செலுத்திய நாடு இது.

முடிவில் வீ.பீ.என் ஊடாகவே இணைப்பது என்றாயிற்று. முதலில் அதனுள் நுழைய வேண்டும். கைத்தொலைபேசிக்கு வரும் குறியீட்டையும் கொடுக்க வேண்டும். அதன் பின்னரே கணினி திறக்கும். சில தடவை பிழையாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். இரண்டு நாட்கள் பிந்தின. ஒப்புநோக்குநர்கள் சலித்துக்கொண்டார்கள், அதுவும் நியாயந்தான்.

2022இல் வேறொரு சோதனை வந்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. வீட்டில் மின்சாரம் இருக்கும் நேரத்தில் அலுவலகத்தில் இராது. மின்சாரம் மீண்டதும் கணினி தானாகவே இயங்கும்படி அதன் பயோஸ் அமைப்பில் மாற்றலாம் என்பதைத் தம்பி பின்னர் கண்டுபிடித்தார். அதுவரை வாயிற் காவலாளி ஐயாதான் மாடியேறிப் போய், பெயரெழுதி ஒட்டிய கணினிகளின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு வந்தார்.