சக்கரத்தின் உள்பக்கம்

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் அல்ல. சோப்புப் பின்னல் ஒன்று எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கிறது. இன்று லாரிகளில் பெரும்பாலும் லித்தியம் சோப்பு. அழுத்தமும் சூடும் வரும்போது எண்ணெயைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பதுதான் அதன் காரியம். ஆகையால் கிரீஸ் வெளியே தெரிவதையே கோளாறு என்று சொல்லிவிட முடியாது. முன் அச்சின் கிங்பின்னுக்கு நிப்பிள் வழியே கிரீஸ் அடிக்கும்போது, பழைய கறுப்பு வழிந்து புதியது எட்டிப்பார்க்கும்வரை அடிக்கவேண்டும் என்பதே முறை. அந்த இடம் துடைத்த மாதிரி இருந்தால்தான் கவலை. உள்ளே தண்ணீர் இறங்கித் துரு பிடித்துக்கொண்டிருக்கும்.

என் அக்கா வீட்டு மச்சான் சொந்த லாரி ஓட்டுகிறவர். தாவணகெரேயிலிருந்து நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம் ஏற்றிவந்த ஒரு நடையில் நான் பெங்களூரில் ஏறிக்கொண்டேன். தருமபுரி தாண்டி நிறுத்தியபோது, முன்பக்க இடது சக்கரத்தின் உள்புறத்தில் கறை. சற்றுத் தள்ளித் தொப்பூர் இறக்கம், விபத்துகளுக்குப் பேர்போனது. சரக்கும் வண்டியுமாக 18 டன்.

“கிங்பின்னுக்கு நேத்து கிரீஸ் அடிச்சேன். அது வழியுது, வேற ஒண்ணுமில்லே” என்றார் மச்சான்.

பட்டறை மேஸ்திரி குனிந்து பார்த்தார். “வழிஞ்சா கீழேதானுங்க போவணும்? இது ஏன் சுத்தி இருக்குது?”

விஷயம் அவ்வளவுதான். கிங்பின் சக்கரத்தோடு சுழல்வதில்லை. அதிலிருந்து வருவது தூசியைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே தொங்கும், அல்லது சொட்டும். இங்கேயோ டயரின் உள்பக்கத்தில், மையத்திலிருந்து வெளிநோக்கிக் கதிர்கதிராக விசிறிய கோடுகள். சுழல்கிற ஏதோ ஒன்று வீசியெறிந்தது. அதாவது ஹப்.

இருந்தும் அவர் உடனே கழற்றவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். ஆடியது. பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். ஆட்டம் நின்றுவிட்டது. பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின் தேய்மானம், நின்றால் பேரிங். கழற்றியதும் தெரிந்தது: சீல் புதியது. யாரோ சமீபத்தில் சீலை மட்டும் மாற்றி, பேரிங் நட்டைச் சரியாக இறுக்காமல், பரிகாரம்போல ஹப் நிறையக் கிரீஸை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஹப் ஆட ஆட, புதுச் சீலின் உதடு ஒருபக்கம் தேய்ந்துவிட்டது. மிதமிஞ்சிய கிரீஸ் கடைபட்டுச் சூடாகி, இளகி, வழி தேடிக்கொண்டது. (இந்த இடத்தில் குறள் சொல்லத் தோன்றும். அதைப் பட்டிமன்றக்காரர்களுக்கே விட்டுவிடுகிறேன்.)

எனக்கு ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் நினைவு வந்தது. பெயர் மறைத்த கவிதைகளைக் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதியதைச் சோதித்து 1929இல் புத்தகம் போட்டார். மாணவர்களில் பலர் கவிதையைப் பார்க்கவில்லை. தங்களிடம் தயாராக இருந்ததை அதன்மேல் கொட்டினார்கள். மச்சான் சொன்னதும் அப்படித் தயாராக இருந்ததுதான். நம் விமர்சனத்தில் ‘இருண்மை’ என்ற சொல்லுக்கு நேர்ந்திருப்பதும் இதுதான் என்று படுகிறது. அனுபவத்தின் அழுத்தத்தில் பிதுங்கி வந்து, வந்த இடத்திலேயே தங்குகிற இருண்மை ஒன்று உண்டு. உள்ளே எதுவோ தளர்ந்துபோய், வேகத்தில் நாலாபுறமும் விசிறப்படுவது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் புகழ்கிறோம், ஒரே சொல்லால் ஏசுகிறோம். கறை இருக்கிறதா என்று பார்க்கிறோமே தவிர, அதன் திசையைப் பார்ப்பதில்லை. கவிதைக்கு ஜாக்கி கிடையாது என்பதும் உண்மை. உவமையை இதற்குமேல் இழுக்க விருப்பமில்லை.

பிரேக் லைனரைப் பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டிவிடலாம் என்றார் மச்சான். மேஸ்திரி சம்மதிக்கவில்லை. லைனர் கிரீஸைக் குடித்திருந்தால் மேலே கழுவிப் பயனில்லை. இறக்கத்தில் சூடேறும்போது உள்ளேயிருப்பது மேலே வந்துவிடும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றினால், பிரேக் பிடித்ததும் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். இரண்டு பக்கமும் மாற்றி முடிக்க இருட்டிவிட்டது. சரக்கு தாமதம், வாடகையில் பிடித்தம் என்று முனகிக்கொண்டே மச்சான் பணத்தை எண்ணினார். பழைய இடதுபக்க லைனர்களைக் கேட்டார். அதற்குள் மேஸ்திரி அவற்றைச் சுத்தியலால் உடைத்துப் போட்டிருந்தார்.