உப்புக் கடலில் உப்புக் குறைத்து ஒரு பயணம்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்கு "இனி உப்பைக் குறையுங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிட்டால், முதலில் நின்றுபோவது வெளியூர்ப் பயணம்தான். வீட்டுச் சமையல் நம் கையில் இருக்கிறது. வெளியே அது யார் கையிலோ. அதிலும் உல்லாசக் கப்பல் என்றால் விடியற்காலை முதல் நள்ளிரவு வரை சாப்பாடு, சாப்பாடு, சாப்பாடு. பிடிக்கவில்லை என்றால் எழுந்து அடுத்த கடைக்குப் போகவும் வழியில்லை.

என் அப்பா துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாரந்தூக்கி ஓட்டியவர். எத்தனையோ கப்பல்களுக்குக் கொள்கலன் ஏற்றியிருக்கிறார். ஒன்றில்கூட ஏறிப் பயணம் செய்ததில்லை. ஓய்வு பெற்றதும் போகலாம் என்றிருந்தார். அதற்குள் இதயம் பலவீனமாகிவிட்டது. நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்தைத் தாண்டக்கூடாது, தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தாண்டினால் உடம்பில் நீர் தங்கும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். கடல் நடுவில் அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்பது அம்மாவின் பயம்.

அந்த 2,000 மில்லிகிராம் நோயாளிகளுக்கு மட்டுமான அளவு அன்று. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்கள் எல்லாருக்கும் சொல்லும் வரம்பே அதுதான். உப்புக் கணக்கில் 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி நாம் சராசரியாக உண்பது நாளுக்கு 3,620 மில்லிகிராம். அதனால் நான் எழுதப்போவது அப்பாவைப் போன்றவர்களுக்கு மட்டுமல்ல.

நாங்கள் தேர்ந்தெடுத்தது நான்கு இரவுப் பயணம். மரினா பே உல்லாசக் கப்பல் நிலையத்தில் புறப்பட்டு, பினாங்கு, புக்கெட், பிறகு ஒரு முழுநாள் கடலில், மீண்டும் சிங்கப்பூர்.

கேட்கும் விதம் முக்கியம்

பயணச்சீட்டு வாங்கியதுமே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் சிறப்பு உணவுக் கோரிக்கையைச் சில வாரங்களுக்கு முன்பே கேட்கின்றன. அதில் "உப்பு குறைவாக" என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரு சமையல்காரருக்குக் குறைவாகத் தெரிவது இன்னொருவருக்கு நிறைய. "உப்பு, சோயா சாஸ், ஸ்டாக் தூள் எதுவும் சேர்க்காமல் தனியாகச் சமைக்க வேண்டும், சாஸ் தனிக் கிண்ணத்தில் வேண்டும், ஒரு நாளின் வரம்பு 2,000 மில்லிகிராம் சோடியம்" என்று எழுதினோம். மருத்துவரின் கடிதத்தையும் இணைத்தோம்.

வீட்டில் சமைத்ததைக் கப்பலுக்குள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. முத்திரை பிரிக்காத மிளகுத்தூள், சீரகத்தூள் பாக்கெட்டுகளை நிறுவனத்திடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டோம். "அந்த உப்பு மாற்றுப் பொடி வாங்கிக்கலாமே" என்று உறவினர் ஒருவர் சொன்னார். அதில் எச்சரிக்கை தேவை. அத்தகைய பொடிகள் பலவற்றில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சிலவகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் மாத்திரைகளிலும் சோடியம் ஒளிந்திருக்கும்.

நம் சாப்பாடு என்ற பொறி

கப்பல் நகர்ந்தபோது அப்பா மேல்தளத்தில் நின்றார். தூரத்தில் பாசிர் பாஞ்சாங்கின் பாரந்தூக்கிகள், பிறகு துவாஸ். ஒவ்வொன்றையும் விரல் நீட்டிச் சொன்னார். "கீழே இருந்து பார்த்தப்ப கப்பல்தான் பெரிசாத் தெரிஞ்சுது. இப்ப கிரேன் சின்னதாத் தெரியுது" என்றார்.

அன்றிரவு பஃபே கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தோம். இந்திய உணவுப் பகுதியைப் பார்த்ததும் அம்மாவுக்கு நிம்மதி. சாம்பார், பருப்பு, பனீர்க் கறி, அப்பளம், ஊறுகாய். பழகிய முகங்கள். ஆனால் நம்மவர்கள் ஏமாறும் இடமே அதுதான். அந்தக் குழம்புகள் பெரிய பாத்திரத்தில் மொத்தமாகச் செய்யப்பட்டவை. போட்ட உப்பை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. ஊறுகாயையும் அப்பளத்தையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். சீனப் பகுதியில் சோயா சாஸ்: ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம், அதாவது அப்பாவின் ஒருநாள் கணக்கில் கிட்டத்தட்ட பாதி. மேற்கத்தியப் பகுதியில் ஹேம், சாசேஜ், சீஸ். உப்புச் சுவையே தெரியாத ரொட்டியிலும் உப்பு உண்டு.

பஃபேயில் எங்களுக்கு உதவியவை மூன்று: பழங்கள், எதுவும் கலக்காத காய்கறி சாலட், கண்முன்னே முட்டை பொரித்துத் தரும் அடுப்பு. அங்கும் கலக்கி வைத்த முட்டைக் கலவை வேண்டாம், முழு முட்டையை உடைத்து உப்பில்லாமல் தாருங்கள் என்று கேட்க வேண்டும்.

மற்ற வேளைகளில் மேசைக்கே வந்து பரிமாறும் உணவகத்தை நம்பினோம். எங்கள் மேசையின் தலைமைப் பரிமாறுநர் பிலிப்பீன்ஸ்காரர். கோரிக்கைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வோர் இரவும் மறுநாள் உணவுப் பட்டியலைக் கொண்டுவந்து எங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். சூப், குழம்பு, முன்பே மசாலாவில் ஊறிய இறைச்சி ஆகியவற்றை மாற்ற முடியாது என்று நேராகச் சொன்னார். தீயில் வாட்டிய மீன், ஊறவைக்காத கோழி, ஆவியில் வெந்த காய்கறி, வேகவைத்த உருளைக்கிழங்கு, சோறு ஆகியவற்றை உப்பில்லாமல் தனியாகச் செய்ய முடியும். எலுமிச்சை, பூண்டு, மிளகு, கொத்தமல்லி எவ்வளவு கேட்டாலும் கிடைக்கும்.

முதல் மீனைச் சாப்பிட்டுவிட்டு அப்பா சொன்ன விமர்சனம்: "வீட்டு மீன் மாதிரி இல்ல. ஆனா ஆஸ்பத்திரி மீன் மாதிரியும் இல்ல."

பினாங்கில் ஒரு கிண்ணம்

பினாங்கில் கப்பல் நிற்பது ஸ்வெட்டன்ஹம் துறையில். இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா. குயின் ஸ்திரீட்டில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், பூக்கடைகள், பாட்டுச் சத்தம். ஆனால் பினாங்குக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சாப்பிடத்தானே வருகிறார்கள். நாசி கண்டாரில் நாலு குழம்பையும் கலந்து சோற்றை மூழ்கடிப்பார்கள். நறுக்கிய பழத்தின்மேலும் உப்பூறிய பிளம் பொடியைத் தூவித் தருவார்கள். "பொடி வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லவேண்டும்.

அப்பாவுக்கு வேண்டியது ஆசாம் லக்சா. மீனும் புளியும் சேர்ந்த சாறு, மேலே கருத்த இறால் பசை. உப்புக் கணக்கில் அது எளிய உணவே இல்லை. அம்மாவின் முகம் மாறியது. ஆனால் அப்பா முதல் நாளே திட்டம் போட்டிருந்தார். காலையில் ரொட்டியைத் தொடவில்லை. ஓட்ஸ், பழம் மட்டும். இரவுக்கு உப்பில்லாத மீனும் சோறும் சொல்லியாகிவிட்டது. மிச்சம் பிடித்ததை மதியம் செலவழித்தார். இறால் பசையை வேண்டாம் என்றார். மீன் துண்டுகளையும் நூடல்ஸையும் வெள்ளரிக்காயையும் ருசித்துச் சாப்பிட்டார். இரண்டு கரண்டி சாறு குடித்தார். மீதியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு எழுந்தார். இத்தகைய உணவில் சோடியம் பெரும்பாலும் சாற்றில்தான் இருக்கிறது.

சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் பணத்தை எண்ணுவதுபோல அவர் உப்பை எண்ணினார். எதைச் சாப்பிடக்கூடாது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு ஆண்டுகளில், எதற்காகச் சேமிப்பது என்று அவரை யாரும் கேட்கவில்லை.

புக்கெட்டில் கரைக்குச் சிறு படகில் போகவேண்டியிருந்தது. அவர் காலையில் எடுப்பது நீர் மாத்திரை. அன்று மட்டும் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்ததால் சிரமமில்லை. இதைத் தானாகச் செய்யக்கூடாது.

ஆடும் தராசு, அம்மாவின் தட்டு

தினமும் காலையில் எடை பார்க்க வீட்டுத் தராசையே பெட்டியில் வைத்துக்கொண்டோம். இரண்டு மூன்று நாளில் எடை திடீரென்று இரண்டு கிலோ ஏறினால் உடனே சொல்லவேண்டும் என்பது அவருக்கு மருத்துவர் கொடுத்த அறிவுரை. துறைமுகத்தில் நிற்கும் காலைகளில் பிரச்சினை இல்லை. கடலில் இருந்த நாளில் கப்பல் ஆட ஆட எண்ணும் ஆடியது. மூன்று முறை ஏறி இறங்கி நடுவில் உள்ளதைக் குறித்துக்கொண்டார். நான்கு நாளிலும் வித்தியாசம் அரைக் கிலோவைத் தாண்டவில்லை.

எனக்கு அந்த எண்ணைவிடப் பெரிதாகத் தெரிந்தது கடைசி இரவு நடந்தது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல், உப்புக் குறைந்த சமையல். அவர் பார்க்க ஊறுகாய் தொட்டுக்கொள்வது பாவம் என்று அம்மா அதையும் விட்டுவிட்டார். கப்பலில் ஒவ்வொருவருக்கும் தனித் தட்டு. அன்று அம்மா கேட்டது காரசாரமான மீன் கறி. வந்ததும் கை வைக்கத் தயங்கினார்.

"நீ சாப்பிடு. என் தட்டுல என் சாப்பாடு இருக்கு" என்றார் அப்பா.

அம்மா சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

திரும்பி வந்த இரண்டாவது வாரம் மருத்துவப் பரிசோதனை. தாதி அப்பாவின் எடைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கப்பல் பயணம் எந்த வாரம் என்று கேட்டார். கோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், பயணத்தைத் தள்ளிப்போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். போகலாம் என்றால், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் சேர்த்துப் பயணக் காப்புறுதி எடுங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். ஏறிய முதல் நாளே பரிமாறுபவரிடம் பேசுங்கள். கணக்கை மட்டும் அவர் கையிலேயே விடுங்கள்.

அப்பா இப்போது ஏழு இரவுப் பயணத்துக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.